வேலி போட்ட கத்தி

நோர்வூட்டைத் தாண்டிப் பொகவந்தலாவை ரோட்டில் மூன்றாவது முடக்கில் ஏறினால் வருகிற தோட்டத்தின் மேற்பிரிவில், ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரசங்கம் கேட்க வேண்டுமானால் கோயிலுக்குப் போக வேண்டியதில்லை. வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்து மூலையில் நிற்கிற முள்முருங்கை மரத்தடிக்குப் போனால் போதும். அங்கே மண்ணெண்ணெய்ப் பெட்டியைக் கவிழ்த்து, அதில் ஒரு ஆளை உட்கார வைத்து, அவர் எதிர்ப்பேச்சுப் பேச முடியாதபடி வாய் வரைக்கும் நுரையைப் பூசிவிட்டு மாயாண்டி பேசத் தொடங்குவார்.

மாயாண்டி அந்தத் தோட்டத்து நாவிதர். வயது ஐம்பது. அவருடைய அப்பாவும் அதே மரத்தடியில் அதே பெட்டியைப் போட்டு அதே கத்தியால் வழித்தவர்தான். பிரசங்கத்தின் பொருள் வாரா வாரம் மாறுவதில்லை. துரைமார் தங்கள் முகத்தைத் தாங்களே வழித்துக்கொள்கிற சேப்டி ரேசர்தான் அது. மெல்லிய பிளேடு ஒன்றை இரண்டு தகட்டுக்கு நடுவில் அடக்கி, ஓரம் மட்டும் துளி வெளியே தெரிகிற மாதிரி கைப்பிடியைத் திருகி வைத்த அந்தச் சாமானுக்கு அவர் 'வேலி போட்ட கத்தி' என்று பெயர் வைத்திருந்தார்.

"மாட்டுப்பட்டிக்கு வேலி போட்டா ஞாயம். மரக்கறித் தோட்டத்துக்கு வேலி போட்டா ஞாயம். கத்திக்கு எதுக்குங்க வேலி? கத்தின்னா வெட்டணும். வெட்டாத கத்திக்குப் பேரு கரண்டி" என்பார். நுரைக்குள் இருக்கிறவர் தலையை ஆட்டவும் மாட்டார். கழுத்தில் கத்தி இருக்கும்போது யார்தான் ஆட்டுவார்கள்?

இப்படி வீறாப்பாகப் பேசுகிற மனுஷனுக்குள்ளே ஒரு பெரும் பயம் குடியிருந்தது. போன தீபாவளி முடிந்த கையோடு அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியிருந்தது. தோல்வாரில் கத்தியைத் தீட்டும்போது ஒன்றும் தெரியாது. அதே கத்தியை ஒரு முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் போதும், மழையில் நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி உதறும். முன்பெல்லாம் ஒரு கட்டிப் படிகாரம் வாங்கினால் இரண்டு வருஷத்துக்கு வரும். இப்போது மாதத்துக்கு ஒரு கட்டி கரைந்தது. ஞாயிறு மத்தியானம் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பக்கம் போனால், ஆம்பிளைகள் கன்னத்திலும் தாடையிலும் செய்தித்தாள் துண்டை ஒட்டிக்கொண்டு திரிவார்கள். வாசிக்கத் தெரிந்தவர் யாராவது அவர்களை வரிசையாக நிறுத்தினால் அரைப்பக்கச் செய்தியைப் படித்துவிடலாம்.

மாயாண்டி ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். ஒருவருக்குப் பரு. ஒருவருக்கு முடி முரடு. ஒருவருக்குத் தும்மல். பாக்கி எல்லாவற்றுக்கும் நோர்வூட் குளிர் பொறுப்பு. வீட்டில் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்ததற்கும் அதே குளிர்தான். தன் கை நடுங்குவது தனக்கும் சாமிக்கும் தவிர மூன்றாம் பேருக்குத் தெரியாது என்று அவர் நம்பினார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிடும் என்று நினைக்குமாம். மாயாண்டி பூனைக்கு அண்ணன்.

தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் அவருடைய பயம். கழுத்தை யார் நீட்டுவார்கள்? கீழ்த்தோட்டத்து நாவிதரை வரவழைப்பார்கள். மாயாண்டி மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போக வேண்டியதுதான். வேலை போவது கூடப் பெரிதில்லை. வெட்டு விழுந்தால் மண்ணுக்கு ரத்தம் வராது, அந்த மட்டில் நல்லது. ஆனால் மரத்தடியில் அந்தப் பெட்டிக்குப் பின்னால் நிற்காத மாயாண்டியை அவராலேயே நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இந்த நிலைமையில்தான் சிவசாமி முதல் ரேசரைக் கொண்டுவந்தான். சிவசாமி பங்களாவில் சமையல்காரன். வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டிக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் வேண்டாமென்று விட்டுப்போன சாமானெல்லாம் சிவசாமி கையில்தான் வந்து சேரும்.

பச்சைக் களிம்பு ஏறி, பழைய சோப்பு கல்லாக உறைந்து, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல் இருந்த அந்தச் சாமானை மாயாண்டி புரட்டிப் பார்த்தார். "என்னா சிவசாமி இது, எலிப்பொறியா?"

"பெரிய தொர வுட்டுட்டுப் போன ரேசருங்க அண்ணே. குளிக்கிற அறை அலமாரியில கெடந்துச்சு. கொஞ்சம் தொலக்கிக் குடுங்க."

"நீயும் வேலிக்குள்ள பூந்துட்டியா?"

"நான் எங்க பூந்தேன். தொலக்கின பொறகு நீங்களே ஒரு தடவ அதால எனக்கு வழிச்சுப் பாருங்களேன்." சிவசாமி இதைச் சொல்லும்போது அவனுடைய காது மடலில் ஒரு தாள் துண்டு ஒட்டியிருந்தது.

"இந்தக் கையால அத எடுத்து ஒரு மொகத்தில வச்சேன்னா, எங்கப்பன் மேலேருந்து எறங்கி வந்து என்னைய அறைவாரு. தொலக்கித் தாறேன். அதோட சரி."

துலக்குகிறதென்றால் மாயாண்டிக்குத் தெரிந்தது கோயில் குத்துவிளக்கைத் துலக்குகிற முறைதான். புளியைக் கரைத்தார், செங்கல்லைப் பொடித்தார், தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு தண்ணீர் விழுகிற பீலிக்கரையில் உட்கார்ந்து தேய்க்கத் தொடங்கினார். களிம்பு போயிற்று. சோப்பு போயிற்று. அதற்குக் கீழே வெள்ளையாக ஒன்று பளபளத்தது. மாயாண்டி அதையும் விடவில்லை. வெள்ளைக்காரனுடைய அழுக்கும் வெள்ளையாகத்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் பலமாகத் தேய்த்தார். அரை மணி நேரத்தில் ரேசர் மாரியம்மன் கோயில் மணி மாதிரி மஞ்சளாகி நின்றது.

கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த அவருடைய மனைவி ராக்காயி அதை வாங்கிப் பார்த்தாள். "ஏங்க, இது அழுக்கில்லங்க. முலாம். வெள்ளி முலாம். அத மெனக்கெட்டுச் சொரண்டி எடுத்துட்டு பித்தளைய மினுக்கி வச்சிருக்கீங்க."

மாயாண்டி ரேசரைத் திரும்ப வாங்கி வேட்டியில் துடைத்தார். பிறகு, "அப்ப, உள்ளது உள்ளபடி தெரியட்டும்" என்றார்.

சிவசாமி அதைக் குறை சொல்லவில்லை. பார்த்தான், பிரமாதம் என்றான், இதாலேயே ஒரு தடவை வழித்துவிடுங்கள் என்று மறுபடியும் கேட்டான். மாயாண்டி ரேசரை அவன் சட்டைப்பையில் போட்டுவிட்டுத் தன் கத்தியை விரித்தார். அன்றைக்கு சிவசாமியின் கன்னத்தில் இரண்டு தாள் துண்டு.

அடுத்த வாரம் நல்லமுத்துக் கங்காணி ஒன்றைக் கொண்டுவந்தார். ஹட்டனில் பழைய சாமான் விற்கிற நானாவிடம் பேரம் பேசி எடுத்தாராம். மூன்று துண்டாகக் கழலக்கூடிய ரேசர்; ஆனால் கழலவில்லை. பற்கள் இரண்டு வளைந்திருந்தன. "நல்லா வந்துச்சுன்னா நீயே வச்சு எனக்கு வழி, மாயாண்டி" என்றார். அதற்கடுத்த வாரம் ஆபீஸ் கிளாக்கர் துரைராசா. யாழ்ப்பாணத்துக்காரர். மாயாண்டியைக் குவாட்டர்ஸுக்குக் கூப்பிட்டு வழித்துக்கொள்கிறவர். அவர் ஒரு ரேசரைக் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தார்.

"மாயாண்டி, இதையும் ஒருக்கா மினுக்கித் தாரும். அவசரமில்லை. வேணுமெண்டால் அடுத்த கிழமை இதாலயே எனக்கு வழிச்சுப் பாருமன்."

"நான் கத்தி புடிக்கிறவங்க ஐயா, கரண்டி புடிக்கிறவன் இல்லிங்க" என்று மாயாண்டி பணிவாகச் சொல்லிவிட்டு, ரேசரை மட்டும் வாங்கிக்கொண்டார்.

இப்படியாக மாசி முடிவதற்குள் ஐந்து ரேசர் வந்து ஐந்தும் திரும்பிப் போயின. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மாயாண்டி அந்த வேலையில் தேறிவிட்டார். புளியும் செங்கல்லும் கூடாது என்பது முதல் பாடம். ராக்காயி சொன்னதை யாருக்கும் சொல்லாமல் தன் சொந்தக் கண்டுபிடிப்பாக வைத்துக்கொண்டார். இப்போது முதலில் சுடுதண்ணீரில் சோடாவைக் கரைத்து ரேசரை ஒரு பகல் முழுக்க ஊறப் போடுவார். திருகு பிடித்திருந்தால் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காத்திருப்பார், பலத்தைக் காட்டமாட்டார். பற்களுக்கு இடையில் உறைந்த அழுக்கைப் பழைய பல் பிரஷ்ஷால் தள்ளி, பிரஷ் போகாத இடத்தில் தையல் ஊசியை விடுவார். வளைந்த பல்லைத் துணி சுற்றிய குறட்டால் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துவார். கடைசியில் பற்பொடியை ஈரத்துணியில் தொட்டு, முலாம் நோகாமல் மெல்லத் தேய்ப்பார். அந்த வேலைக்கு நடுக்கம் ஒரு தொந்தரவே இல்லை. சொல்லப்போனால் தேய்க்கிற வேலைக்கு நடுக்கம் ஒரு கை கூடுதல்.

வாசல் வெளிச்சத்தில் ரேசரைத் தூக்கிப் பிடித்து அவர் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை ராக்காயி அடுப்படியிலிருந்து கவனித்தாள். "கல்யாணமாகி இருவத்தஞ்சு வருசம். என்னைய ஒரு நாளாச்சும் இப்படிப் பாத்திருக்கீங்களா?"

"நீ எங்க இப்படி மினுங்குற?"

"பற்பொடிய எனக்கும் கொஞ்சம் பூசிப் பாருங்க" என்றாள் அவள்.

ஒரு விஷயம்தான் அவருக்கு விளங்கவில்லை. தான் துலக்கிக் கொடுக்கிற ஒவ்வொரு ரேசரும் தன் பெட்டியிலிருந்து ஒரு முகத்தைக் கழித்துவிடும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போடுகிறோம் என்று தெரிந்தும், அரைகுறையாக விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆனால் முகம் ஒன்றும் குறையவில்லை. வீட்டில் பளபளவென்று ரேசர் வைத்திருக்கிற சிவசாமியும் நல்லமுத்துவும் ஞாயிறு காலையில் தாடியோடு வந்து பெட்டியில் உட்கார்ந்தார்கள். கிளாக்கர் வழக்கம்போல் ஆளனுப்பினார். "என்னா செய்யிறது, இந்தக் கைக்கு ருசி கண்டவன் கரண்டிக்குப் போவானா?" என்று மாயாண்டி ராக்காயியிடம் பெருமை பேசினார். ராக்காயி அடுப்பை ஊதுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பங்குனியில் நல்லமுத்துக் கங்காணி வெற்றிலை பாக்கோடு வீடு தேடி வந்தார். தேயிலை ஸ்டோரில் எஞ்சின் ஓட்டுகிற அவருடைய மகன் செல்லசாமிக்கு வைகாசியில் கல்யாணம். பெண் கொட்டகலைப் பக்கம். தாலி கட்டுகிற அன்று காலையில் மாப்பிள்ளையை மணையில் கிழக்குப் பார்க்க உட்கார வைத்து, பாலில் அறுகம்புல்லைத் தொட்டுக் கன்னத்தில் தடவி, இரண்டு பக்கத்து உறவும் சுற்றி நின்று பார்க்க நாவிதர் சவரம் செய்ய வேண்டும். அது நடந்த பிறகுதான் மாப்பிள்ளைக்கு எண்ணெயும் குளிப்பும் புதுவேட்டியும். அந்தச் சவரத்தில் ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் அபசகுனம். செல்லசாமியின் அப்பாவுக்கும் மாயாண்டியின் அப்பாதான் மாப்பிள்ளைச் சவரம் செய்தவர்.

மாயாண்டி இரண்டு கையாலும் வெற்றிலையை வாங்கினார். வெற்றிலை நடுங்கியது. "குளிரு" என்றார். பங்குனி வெயில் வாசலில் சுளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முகத்தில் தாளை ஒட்டிச் சமாளிக்கலாம். கொட்டகலையிலிருந்து லாரி நிறைய வந்து இறங்குகிறவர்கள் முன்னால், மணையில் உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளையின் கன்னத்தில் தாளை ஒட்ட முடியுமா? அந்தப் பிள்ளையின் கல்யாணத்தைக் கெடுத்த பாவம் ஏழு ஜென்மத்துக்கும் விடாது. கௌரவம் போனால் போகட்டும், உண்மையைச் சொல்லி கீழ்த்தோட்டத்து நாவிதரைக் கூப்பிடச் சொல்லிவிடுவோம் என்று ஒருநாள் பின்னேரம் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கங்காணி வீட்டுக்குப் போனார்.

"கங்காணியாரே, ஒரு விசயம் சொல்லணும்" என்று தொடங்கினார்.

"மொதல்ல தேத்தண்ணி குடி" என்றார் நல்லமுத்து.

குடித்தார். "கல்யாணச் சவரத்தப் பத்திங்க..."

"லாரி சொல்லியாச்சு. படங்குதான் பத்தாது போலருக்கு. மழை வந்தா என்னா செய்யிறதுன்னு பாக்குறேன்."

"இல்லிங்க, என் கையி..."

"உன் கையாலதான் நடக்கணும்" என்று நல்லமுத்து எழுந்துவிட்டார். "நீ வரலேன்னா சவரமில்ல. சவரமில்லேன்னா கல்யாணமில்ல. போயிட்டு வா மாயாண்டி."

மாயாண்டி வந்த வழியே திரும்பினார். இந்த மனுஷனுக்கு ஒரு பேச்சை முழுசாகக் கேட்கிற பொறுமை கூட இல்லையே என்று வழியெல்லாம் கங்காணியைத் திட்டிக்கொண்டு வந்தார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது செல்லசாமியே ஒரு ரேசரோடு வந்தான். இது வேறு மாதிரி. கைப்பிடியின் அடியைத் திருகினால் மேல்மூடி இரண்டு கதவாகத் திறக்க வேண்டும். சின்னத்துரை ஊருக்குப் போகும்போது கொடுத்ததாம். கதவு இரண்டும் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன.

"கல்யாணத்தன்னிக்கு வேணும்ணே" என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு ஒன்றும் கேட்க விடாமல் போய்விட்டான்.

மாயாண்டிக்குச் சுரீரென்றது. மாப்பிள்ளை தன் முகத்தைத் தானே வழித்துக்கொள்ளப் போகிறான். மணையில் நாவிதர் சும்மா ஒப்புக்கு நிற்க வேண்டியதுதான். அப்பா காலத்து உரிமை இதோடு போயிற்று. அந்த வலிக்குப் பின்னாலேயே, அப்பாடா, ரத்தம் வராது என்று ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதிக்காக அவர் வெட்கப்பட்டார். வெட்கப்பட்டுக்கொண்டே சோடாத் தண்ணீரைக் காய்ச்சினார்.

மூன்று நாள் ஆயிற்று அந்தக் கதவு திறக்க. கீல்களில் மண்ணெண்ணெய் விட்டு, ஊசியால் துருவைத் துளித்துளியாகக் கிளறி, மறுபடி ஊறப் போட்டு, மூன்றாம் நாள் மத்தியானம் அடியைத் திருகினார். இரண்டு கதவும் சத்தமில்லாமல் விரிந்தன. லயத்தில் ஆளில்லை, எல்லாரும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். சரியாக மூடுகிறதா என்று பார்க்க நோர்வூட் கடையில் வாங்கிய ஒரு பிளேடை வைத்துத் திருகினார். மூடியது. சரியாக வழிக்குமா என்று எப்படித் தெரியும்? அதைப் பார்க்காமல் கொடுத்தால் வேலை முடிந்ததாகுமா? இப்படித் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கோழி திருடப் போகிறவர் மாதிரி காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

ஜன்னலில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, முகத்தில் நுரையைப் பூசி, ரேசரைக் கன்னத்தில் வைத்தார். கை உதறியது. ரேசரும் உதறியது. ஆனால் முடி போய்க்கொண்டிருந்தது. தாடைக்கு வந்தார். தொண்டைக்கு வந்தார். மாசக்கணக்காகத் தன் தொண்டையைத் தொடுவதற்கே அவர் பயந்திருந்தார். அதனால் அங்கே எப்போதும் ஒரு பிடி நரைமுடி நின்றுகொண்டிருக்கும். அதுவும் போயிற்று. முகத்தைக் கழுவிக் கண்ணாடியில் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. மாயாண்டி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இத்தனை வருஷமாகத் தான் திட்டிய திட்டையெல்லாம் நினைத்துப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது.

மழை பிடித்து வேலையை நிறுத்தியதால் ராக்காயி சீக்கிரமாக வந்துவிட்டாள். கதவைத் தள்ளியவள் அவரைப் பார்த்தபடியே நின்றாள்.

"காயமில்லாம உங்க மொகத்தப் பாத்து எத்தன நாளாச்சு" என்றாள்.

மறைக்க ஒன்றும் மிச்சமில்லை என்று அவருக்குப் புரிந்தது. "உனக்கு எப்ப தெரியும்?"

"ஒரே கோப்பையில தேத்தண்ணி குடிக்கிறவளுக்குத் தெரியாதா?"

"யாருகிட்டயும் சொல்லிப்புடாத."

"சொல்லுறதுக்கு ஆளு மிச்சம் இருக்கணுமே" என்றாள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"இதாலயே செல்லசாமிக்கு வழிச்சுடலாம், ராக்காயி. ஆனா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வழிக்கிறது? கரண்டி, கரண்டின்னு ஊருக்கெல்லாம் சொல்லி வச்சிருக்கேனே."

"வாய் பேசுனதுக்கு கையி என்னா பண்ணும்? கைக்கு எது தோதோ அத எடுங்க. வாயி கொஞ்ச நாளைக்கு சும்மா கெடக்கட்டும்."

ரேசரைச் செல்லசாமியிடம் கொடுத்தபோது அவன் பையில் போட்டுக்கொண்டானே தவிர, யார் வழிக்கப் போவது என்று சொல்லவில்லை. மாயாண்டியும் கேட்கவில்லை.

கல்யாணத்தன்று காலையில் லயத்து வாசலில் வாழைமரம் கட்டி, மேலே கூரையாகப் படங்கு இழுத்து, கொட்டகலைக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணுக்குத் தாய்மாமன் அழகுமுத்து, எதிலும் குற்றம் கண்டுபிடிக்கவே லாரியேறி வந்தவர் மாதிரி மணைக்கு நேர் எதிரே இடம் பிடித்திருந்தார். செல்லசாமி மணையில் உட்கார்ந்தான். அவன் முகத்தில் ஒரு வாரத் தாடி. தானே வழித்துக்கொண்டிருக்கவில்லை. அவன் ரேசரை எடுத்து மணைக்குப் பக்கத்தில் இருந்த தாம்பாளத்தில் வைத்தான்.

மாயாண்டி பாலைத் தொட்டு அறுகம்புல்லால் மாப்பிள்ளையின் இரண்டு கன்னத்தையும் தடவினார். நுரையைப் பூசினார். பழக்கதோஷத்தில் கை போய் அப்பாவின் கத்தியை எடுத்து விரித்தது. மேளம் நின்றது. கத்தி வெயிலில் உதறிற்று. எதிரே அழகுமுத்துவின் கண் அதையே பார்த்தது.

மாயாண்டி கத்தியை மடக்கிச் சவரப் பெட்டியில் வைத்தார். தாம்பாளத்திலிருந்து ரேசரை எடுத்தார்.

"இது என்னாங்க புதுசா இருக்கு?" என்று அழகுமுத்து சிரித்தார். "மாப்பிள்ளச் சவரம்னா விரிச்ச கத்தியிலல்ல செய்வாங்க. உங்க தோட்டத்து நாவிதருக்குக் கத்தி புடிக்கத் தெரியாதா?"

முன்வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். இனி மறைத்துப் பலனில்லை என்று மாயாண்டி முடிவு செய்தார். எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவோம், பிள்ளையின் கல்யாணம் நல்லபடி நடந்தால் போதும். "உள்ளதச் சொல்லிப்புடுறேங்க" என்று வாயைத் திறந்தார். "எனக்குக் கையி..."

"எங்க தோட்டத்தில இதான் வழக்கம்" என்று நல்லமுத்துவின் குரல் அவர் பேச்சை வெட்டியது. கங்காணி மடியிலிருந்து ஒரு ரேசரை எடுத்துக் காட்டினார். "மாயாண்டி எங்களுக்கெல்லாம் இதுலதான் வழிப்பான். அவனவன் சாமானை அவனவன் கொண்டுபோவணும். சுத்தம் பாருங்க."

"ஆமாங்க" என்று சிவசாமி சட்டைப்பையிலிருந்து அந்த மஞ்சள் ரேசரை எடுத்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் எடுத்தார்கள். கிளாக்கர் துரைராசா கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையைப் பிரித்து ஒன்றை எடுத்து உயர்த்திப் பிடித்தார். "ஓம், இஞ்ச வழமை அதுதான். நான் மாற்றலாகி வந்த நாள் துவக்கம் பாக்கிறன்" என்று ஆபீசில் கையெழுத்துப் போடுகிற முகத்தோடு ஒரு பொய்யைச் சொன்னார்.

அழகுமுத்து ஐந்து ரேசரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்ல வழக்கந்தான்" என்று முணுமுணுத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

மாயாண்டியும் அந்த ஐந்தையும் பார்த்தார். துலக்கினவருக்குத் தெரியாதா? ஒன்றிலும் சோப்புப் படிந்த தடமில்லை, தண்ணீர் பட்ட கறையில்லை. அவர் பற்பொடி போட்டுத் துடைத்துக் கொடுத்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தன. ஒருவன் கூட ஒரு தடவை கூடத் தன் முகத்தில் வைக்கவில்லை. அவர்கள் தங்களுக்காக வாங்கவே இல்லை. ஒவ்வொருவனும் ஒவ்வொரு வாரமும் அவர் கையில் கொடுத்து, நீயே வைத்து வழி, நீயே வைத்து வழி என்று கேட்டிருக்கிறான். அவர் மினுக்கி மினுக்கித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

நல்லமுத்து பக்கத்தில் வந்து நின்றார். மாயாண்டி குனிந்தபடியே, மற்றவர் காதில் விழாமல் கேட்டார். "எப்பலேருந்து தெரியும்?"

"தீபாவளிக்கு அடுத்த ஞாயித்துக்கெழமை. என் தாடையில மூணு எடத்தில போட்டியே, அன்னைக்கு."

"அப்பவே ஏன் சொல்லல? கீழ்த்தோட்டத்து ஆளு இருக்கானே. தெரிஞ்சுக்கிட்டே ஏங்க கழுத்த நீட்டுனீங்க?"

"சொன்னா நீ கத்திய வச்சுட்டுப் போயிருப்ப" என்றார் நல்லமுத்து. "தாடைக் காயம் மூணு நாளுல ஆறிடும் மாயாண்டி. வேலையப் பாரு. பிள்ளைக்கு நொர காயுது."

தீபாவளியிலிருந்து வைகாசி வரை எத்தனை ஞாயிற்றுக்கிழமை. எத்தனை பேர். பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறவர்கள். ஒவ்வொருவனும் தெரிந்தே வந்து, அந்த உதறுகிற கத்திக்குக் கீழே தொண்டையைத் தூக்கிக் காட்டிவிட்டு, கத்திக்கு வேலி எதற்கு என்ற பிரசங்கத்தையும் கேட்டுவிட்டு, கன்னத்தில் தாளை ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறான். மாயாண்டிக்குக் கண் நிறைந்துவிட்டது. மாப்பிள்ளையின் முகம் எங்கே இருக்கிறது, நுரை எங்கே இருக்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை.

"தாடையைத் தூக்குங்க மாப்பிள" என்றார்.

செல்லசாமி தூக்கினான். மாயாண்டி கண் தெரியாமலே, கை நடுங்க நடுங்க, காதிலிருந்து தாடைக்கும் தாடையிலிருந்து தொண்டைக்கும் ரேசரை இழுத்துக்கொண்டு போனார். இரண்டு கன்னமும் முடிந்து, முகத்தைக் கழுவி, அன்றைக்கென்று வாங்கிய புதுத் துண்டால் ஒற்றி எடுத்தார். துண்டு வெள்ளையாகவே இருந்தது.